உப்பூரில் உயரம் எடுத்தது

தொண்டியிலிருந்து தெற்கே
பைக்கின் பின்னால் சாம்பிள் தகடுகளைக் கட்டிக்கொண்டு போனேன்.
நீலம், பச்சை, கண்ணாடிபோல ஒன்று.
சதுர அடிக்கு விலை சொல்வது என் தொழில்.
நிழல் விற்கிறவன் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

சிங்கப்பூரிலிருந்து அடைக்கலம் பேசியிருந்தார்:
"பிள்ளையார் தலைக்கு மேல ஒண்ணுமில்லையாம்ல.
வெயில்ல கெடக்காரு. பாவம்.
மகனுக்கு வேலை நிரந்தரமாயிருச்சு, நேத்திக்கடன்.
நல்ல தகடாப் போடு, காசு பாக்காத."

காசு பார்க்காதவர் ஆயுளுக்கு ஒருமுறைதான் போன் செய்வார்.
சாப்பிடாமலே கிளம்பிவிட்டேன்.

நடை திறந்திருந்தது.
கருவறைக்குள் பகல், வெளியே இருப்பது போலவே.
எண்ணெய் பூசிய கரிய வயிற்றில் வெயில்
தன் வீட்டுத் தரையில் படுப்பதுபோல் படுத்திருந்தது.
லேசர் மீட்டரைக் குருக்கள் கையில் கொடுத்தேன்.
சுவருக்குச் சுவர் காட்டினார்: நீளம் வந்தது.
திருப்பினார்: அகலம் வந்தது.
மேலே காட்டினார்.
கருவி கொஞ்ச நேரம் யோசித்தது.
பிறகு 'பிழை' என்றது.

குருக்கள் சிரித்துக்கொண்டே சொன்னார்.
ஈசனுக்குப் பங்கு வைக்காத வேள்வியில்
தட்சன் வீட்டில் போய்ச் சாப்பிட்டானாம் சூரியன்.
வீரபத்திரன் வந்து வாயில் ஒன்று விட்டதில்
பல் உதிர்ந்தது, ஒளியும் கூடவே.
மங்கிப்போய் இந்தக் கரைக்கு வந்து நின்றவனிடம்
'என்மேல் படு' என்றானாம் ஆனைமுகன்.
'தினமும் படு.
வடக்கே நடந்தாலும் தெற்கே நடந்தாலும்
என்னைத் தொட்டுவிட்டுப் போ.'

என் நாக்கு தானாகவே முன்பல் சந்துக்குப் போனது.
திருப்பாலைக்குடியில் மீன் ஏலக் கொட்டகைக்கு
ஷீட் போடும்போது சட்டத்திலிருந்து விழுந்தேன்.
அதிலிருந்து உதடு மூடித்தான் சிரிப்பு.
கல்யாண போட்டோவிலும் அப்படித்தான்,
கோபமாக இருக்கிறேன் என்பார்கள்.

பல் போனவன் வேறு யாரிடம் போவான்?
தந்தம் என்றாலும் பல்தானே.
ஒடித்து எழுதினான் என்பார்கள்,
நிலாமேல் எறிந்தான் என்பார்கள்.
எப்படியோ போனது, ஒட்டவைக்கவில்லை.
சிரித்த நிலாவைச் சபித்தவன்
சிரிக்க முடியாத சூரியனுக்கு முகம் கொடுத்தான்.

பாலம் கட்டப் போகும் வழியில் ராமனும்
இங்கே நின்று கும்பிட்டுப் போனானாம்.
அவனும் காண்ட்ராக்டர்தான், குரங்குகள் லேபர்.
அவனுக்கு வேலை முடிந்தது.
எனக்கு மட்டும், விக்கினம் தீர்ப்பவனே
ஆர்டருக்கு விக்கினமாய் உட்கார்ந்திருக்கிறான்,
தொப்பையில் வியர்வை இல்லாமல்.

வெளியே வந்து தொப்பியைக் கழற்றினேன்.
மண்டை பொரிந்தது. எலிக்கு எப்படி இருக்குமோ.

அப்பால் உப்புப் பாத்திகள்.
வெள்ளைக்கு நடுவே குனிந்த முதுகுகள்.
பட்டென்று ஒரு யோசனை:
சாமிக்கு வேண்டாமென்றால் இவர்களுக்குப் போடலாமே,
அதே பணம், அதே தகடு, அதே கமிஷன்.
வரப்பில் நடந்து போய்ச் சொன்னேன்.
பலகையை நிறுத்தாமல் ஒருத்தி கேட்டாள்,
பூமயில் என்று மற்றவர்கள் கூப்பிட்டார்கள்.
நீலத் தகட்டைத் தொட்டதும் கையை உதறினாள்.
"இதுக்குக் கீழ உக்காந்தா அவிஞ்சு போவோம்.
ஓலை போடச் சொல்லு.
அப்பறம், வெயிலை ரொம்ப வையாத.
அவரு இல்லாட்டி இங்க உப்பேது?"

நான் வாய்விட்டுச் சிரித்துவிட்டேன் போலிருக்கிறது.
"பல்லு எங்கய்யா?" என்றாள்.

ஓலையில் எனக்குக் கமிஷன் கிடையாது.
மேல்நோக்கிப் பிடித்தால் அந்தக் கருவி
இப்போதெல்லாம் என் வீட்டுக்குள்ளும் தடுமாறுகிறது.
அடைக்கலம் மூன்று முறை கூப்பிட்டுவிட்டார்.
இன்னும் எடுக்கவில்லை.